ஓசூர் முதலில் எதைக் கேட்பது? எல்லைத் தொழில்நகரமும் மாநிலச் சட்டமன்றமும்

ஓசூரின் தேவைகளைச் செய்தித்தாள்களும் தேர்தல் அறிக்கைகளும் பட்டியலிடும்போது பன்னாட்டு விமான நிலையமும் பெங்களூரு மெட்ரோவின் நீட்சியும் முதலிரு இடங்களைப் பிடித்துக்கொள்கின்றன; பாதாளச் சாக்கடை, தொழில் வரி, மாநகராட்சி எல்லை, பணியிட ஒப்பளிப்பு ஆகியவை பட்டியலின் அடியில் கிடக்கின்றன, அல்லது இடம்பெறாமலே போகின்றன. இவ்விரு வகைத் தேவைகளும் அளவில் மட்டுமல்லாமல் அதிகாரத்திலும் வேறுபட்டவை. முதல் வகையை நிறைவேற்ற ஒன்றிய அரசின் இசைவும் அண்டை மாநிலத்தின் ஒத்துழைப்பும் வேண்டும். இரண்டாம் வகையில் பெரும்பாலானவற்றைச் சென்னைக் கோட்டைக்குள்ளேயே முடித்துவிடலாம். ஒரு நகராட்சி மன்றம் தன் மாநிலச் சட்டமன்றத்திடம் எதை முதலில் கேட்க வேண்டும் என்ற வினாவுக்கு, அந்தச் சட்டமன்றத்தால் தனித்துத் தரக்கூடியதை முதலில் கேட்க வேண்டும் என்பதே இயல்பான விடை. ஓசூரில் நடைமுறை இதற்கு நேர்மாறாக இருப்பதன் காரணங்கள் அந்நகரின் வரலாற்றிலும் தமிழ்நாட்டின் உள்ளாட்சி அமைப்பிலும் உள்ளன.

பெங்களூருவிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலும், தன் மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தொலைவிலும் உள்ள நகரம் ஓசூர். பாராமகால் எனப்பட்ட நிலப்பகுதி 1792-இல் மைசூரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு வந்தபோது ஓசூர் அதில் சேரவில்லை. திப்பு சுல்தான் வீழ்ந்த 1799-க்குப் பிறகே அது சேலம் மாவட்டத்தோடு இணைந்தது. பின்னர் 1965-இல் தருமபுரி மாவட்டமும் 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டமும் பிரிந்தபோது ஓசூர் மாவட்டம் மாறியதேயன்றித் தானே ஒரு மாவட்டத் தலைநகராகவில்லை. சிப்காட் எனச் சுருக்கமாக வழங்கும் தமிழ்நாடு மாநிலத் தொழில் மேம்பாட்டுக் கழகம் 1970-களில் இங்கே தொழிற்பேட்டை அமைத்ததும், 1980-இல் அசோக் லேலண்டும் டி.வி.எஸ். மொபெட் ஆலையும், அதே பத்தாண்டின் பிற்பகுதியில் டைட்டன் கடிகார ஆலையும் உற்பத்தியைத் தொடங்கியதும் நகரின் முகத்தை மாற்றின. மாநிலத்தின் பின்தங்கிய மூலை ஒன்றுக்கு வேலைவாய்ப்பு தருவது சிப்காட்டின் நோக்கம். ஆலைகளை இழுத்ததோ பெங்களூருவின் அருகாமையும் தமிழ்நாட்டுச் சலுகைகளும் ஒருங்கே கிடைத்த இடம் என்ற வசதி. ஆலைகளுக்கு வரமாக அமைந்த இந்த எல்லையே, நகர நிர்வாகத்துக்குத் தீராத வழக்காகவும் அமைந்தது.

கேட்பதற்கான வாசல்கள்

இந்திய அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 5-ஆம் இனமாக உள்ளாட்சி இடம்பெற்றுள்ளது. அதாவது ஒரு மாநகராட்சி பிறப்பதும், அதன் எல்லை விரிவதும், அது எந்த வரியை விதிக்கலாம் என்பதும் மாநிலச் சட்டமன்றத்தின் விருப்பத்தைச் சார்ந்தவை. 1993 ஜூன் 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த 74-ஆம் அரசமைப்புத் திருத்தம் நகராட்சிகளுக்கு ஐந்தாண்டுப் பதவிக்காலத்தையும் மாநில நிதி ஆணையத்தையும் கட்டாயமாக்கியது; ஆனால் பன்னிரண்டாம் அட்டவணையில் உள்ள 18 பணிகளை உள்ளாட்சிகளுக்கு அளிப்பதை மாநிலங்களின் முடிவுக்கே விட்டது. அமெரிக்காவிலும் நிலை ஏறத்தாழ இதுவே. மாநிலம் வெளிப்படையாகக் கொடுத்த அதிகாரத்துக்கு மேல் நகரத்துக்கு எதுவும் இல்லை என்று 1868-இல் அயோவா மாநில நீதிபதி ஜான் டில்லன் வகுத்த நெறி இன்றும் அங்கே பல மாநிலங்களில் செல்லும். அந்தப் பிடியை உணர்ந்த அமெரிக்க நகர மன்றங்கள், மாநிலச் சட்டமன்றம் கூடுவதற்கு முன்பே அந்த ஆண்டு எந்தெந்தச் சட்டத்தைக் கோருவது, எதை எதிர்ப்பது என்று தீர்மானமாகவே நிறைவேற்றி அச்சிட்டு வெளியிடுகின்றன. அதற்கெனப் பதிவு பெற்ற முகவர்களை ஊதியம் கொடுத்து அமர்த்துகின்றன. லாபியிங் என்று அங்கே வழங்கும் இந்தப் பணிக்கு நம்மிடம் சட்டப் பெயரும் இல்லை, பதிவேடும் இல்லை.

தமிழ்நாட்டு நகரம் ஒன்றின் கோரிக்கை செல்லும் வழி வேறு. மாமன்றக் கூட்டத்துக்கான பொருள் நிரலில் ஒரு எண்ணிடப்பட்டு, "மன்றத்தின் பார்வைக்கும் முடிவிற்கும் வைக்கப்படுகிறது" என்ற முடிவு வரியோடு அது முன்வைக்கப்படுகிறது. தீர்மானம் நிறைவேறியதும் ஆணையர் அதைக் கருத்துருவாக, அதாவது மதிப்பீடும் வரைபடமும் இணைத்த முன்மொழிவாக, நகராட்சி நிர்வாக இயக்குநருக்கு அனுப்புகிறார். அங்கிருந்து நகராட்சி நிர்வாகம் மற்றும் குடிநீர் வழங்கல் துறைச் செயலகத்துக்கும், பணம் சம்பந்தப்பட்டதாயின் நிதித்துறைக்கும் கோப்பு நகர்கிறது. "பார்வை 1, பார்வை 2" என்று முந்தைய கடிதங்களை அடுக்கிக்கொண்டே தடிக்கும் அந்தக் கோப்பு சட்டமன்றத்துக்குள் நுழைவதேயில்லை. சட்டமன்றம் அந்த நகரைப் பற்றிக் கேள்விப்படுவது வேறு வழியில்: தொகுதி உறுப்பினர் எழுப்பும் வினா, துறைவாரியாக நிதி ஒதுக்கக் கோரும் மானியக் கோரிக்கை விவாதம், விவாதத்துக்கே இடமில்லாமல் அமைச்சர் அறிக்கை படிக்க இடமளிக்கும் பேரவை விதி 110 ஆகியவை அவ்வழிகள். ஓசூர் விமான நிலையம் 2024 ஜூன் 27 அன்று முதலமைச்சரால் அறிவிக்கப்பட்டது இந்த விதி 110-இன் கீழ்தான். பேரவையில் ஓசூர் பெற்ற மிகப் பெரிய அறிவிப்பின்மீது பேரவையில் ஒரு நிமிடம்கூட விவாதம் நடைபெற விதியில் இடமில்லை.

2022 ஆகஸ்டில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் 234 சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் கடிதம் எழுதி, தத்தம் தொகுதியில் நீண்ட காலமாக நிறைவேறாதிருக்கும் பத்துக் கோரிக்கைகளை முன்னுரிமைப்படி பட்டியலிட்டு மாவட்ட ஆட்சியரிடம் தருமாறு கேட்டார். முன்னுரிமைப் பட்டியல் என்ற கருத்தை எதிர்க்கட்சி உறுப்பினர்கள் வரை கொண்டுசென்ற நல்ல முயற்சி அது. ஆயினும் அதில் பட்டியலிடும் அலகு தொகுதியே, நகரம் அன்று. ஓசூரின் தொழில் வட்டாரமோ ஒரே தொகுதிக்குள் அடங்குவதில்லை. சூளகிரி வேப்பனஹள்ளித் தொகுதியிலும், கெலமங்கலம் தளித் தொகுதியிலும் உள்ளன. 2021 தேர்தலில் ஓசூரில் தி.மு.க.வும், தளியில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியும், வேப்பனஹள்ளியில் அ.தி.மு.க.வும் வென்றன. ஒரே ஆலைப் பேருந்தில் வேலைக்குச் செல்லும் தொழிலாளர்களின் தேவைகள் மூன்று கட்சிகளின் மூன்று பட்டியல்களில் சிதறிக் கிடந்தன. மாநகராட்சி மன்றத்தின் கையில் அவற்றில் ஒன்றுகூட இல்லை.

மூடப்பட்ட ஒரு வாசல்

எல்லையைக் கடந்து ஜூஜூவாடிக்கு அப்பால் அத்திப்பள்ளிக்கும் ஆனேக்கலுக்கும் சென்றால் நிலைமை ஒரு வகையில் வேறு. கர்நாடகத்தில் சட்ட மேலவை இன்றும் உள்ளது. அதன் 75 உறுப்பினர்களில் 25 பேரை உள்ளாட்சி மன்றங்களின் உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கின்றனர். ஆனேக்கல் நகர மன்றத்தில் அமர்ந்திருக்கும் ஒரு வார்டு உறுப்பினருக்கு மாநிலச் சட்டமன்றத்தின் ஓர் அவையில் தன் பிரதிநிதியை அமர்த்தும் வாக்கு உண்டு. மேலவையில் மூன்றில் ஒரு பங்கு இடங்களை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கும் அரசமைப்பின் 171-ஆம் பிரிவு இதற்கு அடிப்படை.

இதே வாசல் தமிழ்நாட்டிலும் திறந்திருந்தது. 1986 நவம்பரில் எம்.ஜி.ஆர். ஆட்சிக்காலத்தில் மேலவை கலைக்கப்பட்டபோது, மற்ற இழப்புகளைப் பற்றி எழுதியவர்கள் பலர். நகராட்சிகளும் ஊராட்சி ஒன்றியங்களும் கோட்டையில் தமக்கிருந்த இருக்கைகளை இழந்ததைக் கவனித்தவர்கள் மிகச் சிலரே. 2010-இல் மேலவையை மீட்கப் பேரவை தீர்மானம் நிறைவேற்றி, நாடாளுமன்றமும் அதற்கான சட்டத்தை இயற்றியது. 2011-இல் ஆட்சி மாறியதும் அது கைவிடப்பட்டது. மேலவையின் உள்ளாட்சித் தொகுதிகள் பணபலத்தின் களமாகிவிட்டன என்ற குறை கர்நாடகத்தில் நெடுநாளாக ஒலிப்பதையும் மறுப்பதற்கில்லை. ஆகவே மேலவையை மீட்டுவிட்டால் ஓசூரின் குரல் எழுந்துவிடும் என்று கருதுவது மிகை. ஆனால் நகரங்கள் கூட்டாகப் பேசும் வாசல் ஒன்றை மூடியபின் அதற்கு மாற்றாக எதையும் திறக்கவில்லை என்பது உண்மை. தமிழ்நாட்டில் இன்று 25 மாநகராட்சிகள் உள்ளன. அவற்றின் மன்றங்கள் ஒன்றுகூடி, வரவு செலவுத் திட்டத்துக்கு முன் பொதுக் கோரிக்கை ஒன்றை வைக்கும் வழக்கம் வேரூன்றவில்லை. ஓசூரில் அந்த வெற்றிடத்தை ஓரளவு நிரப்புவது சிறு குறுந்தொழில் சங்கமான ஹோஸ்டியா போன்ற தொழிலமைப்புகள்தாம். அவை கேட்பது மின்சாரம், சாலை, தொழில்மனை. தெருவிளக்கையும் துப்புரவுப் பணியாளரையும் அவை கேட்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று.

பிறர் கையில் இருப்பவை

2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் திறனுடன் அமையும் என்று அறிவிக்கப்பட்ட விமான நிலையத்துக்கு முதல் தடை, தேவனஹள்ளியில் உள்ள பெங்களூரு விமான நிலைய நிறுவனத்துக்கும் ஒன்றிய அரசுக்கும் இடையேயான உரிம ஒப்பந்தம். அந்த நிலையத்திலிருந்து 150 கிலோமீட்டர் வட்டத்துக்குள், மைசூரு, ஹாசன் நீங்கலாக, 2033 வரை புதிய பன்னாட்டு விமான நிலையத்துக்கு ஒப்பந்தம் இடமளிப்பதில்லை. ஓசூர் அவ்வட்டத்தின் உள்ளே இருக்கிறது. பெங்களூருவைச் சுற்றிய வான்வெளியில் பாதுகாப்புத் துறையின் இசைவும் தேவை. கர்நாடகமும் பெங்களூருக்கு இரண்டாவது நிலையத்துக்கு இடம் தேடிக்கொண்டிருப்பதால், 2033 என்ற ஆண்டு இரு மாநிலங்களுக்கும் பந்தயக் கோடாகிவிட்டது. மாநில அரசு இதில் இன்று செய்யக்கூடியது நிலம் தேர்வதும் மனுச் செய்வதுமே.

மெட்ரோவின் கதை இன்னும் நுட்பமானது. பொம்மசந்திரா வரையிலான பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் தடம் 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அங்கிருந்து ஓசூர் வரை சுமார் 23 கிலோமீட்டர் நீட்டும் திட்டத்துக்குத் தமிழ்நாட்டின் சார்பில் சென்னை மெட்ரோ நிறுவனம் சாத்தியக்கூறு ஆய்வு நடத்தியது. அத்தடத்தில் பாதிக்குச் சற்றுக் கூடுதலான பகுதி கர்நாடக மண்ணில் விழுகிறது. பெங்களூரு மெட்ரோ, தண்டவாளத்தை ஒட்டிய மூன்றாம் தடத்தின் வழியே 750 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் ஓடுவது. தமிழ்நாடு முன்மொழிந்ததோ தலைக்கு மேல் கம்பியில் 25 கிலோவோல்ட் மாறுமின்னோட்டம். இந்தப் பொருத்தமின்மையைக் காட்டிப் பெங்களூரு நிறுவனம் இணைப்பு இயலாது என்றது. முதலீடும் குடியிருப்பும் ஓசூருக்கு நழுவிவிடும் என்ற அச்சம் கர்நாடகத்தில் வெளிப்படையாகவே பேசப்படுவதால், மின்னழுத்தம் ஒத்துப்போயிருந்தாலும் மனம் ஒத்துப்போயிருக்குமா என்பது ஐயமே.

ரயில்வேயிலும் இதே நிலைதான். ஓசூர் நிலையம் தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூருக் கோட்டத்தைச் சேர்ந்தது. கூடுதல் ரயிலுக்கான மனு சென்னைக்குப் போவதில்லை, அந்த ரயில்வேயின் தலைமையகமான ஹுப்பள்ளிக்குப் போகிறது.

கோட்டையால் தரக்கூடியவை

ஓசூருக்குத் தெற்கே, தேன்கனிக்கோட்டை வட்டத்தில், திம்ஜேப்பள்ளிப் பகுதியில் கைப்பேசி உறுப்புகள் செய்யும் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலை ஆயிரக்கணக்கானோருக்கு, பெரும்பாலும் இளம் பெண்களுக்கு, வேலை தருகிறது. அந்த ஆலை நிற்கும் நிலம் மாநகராட்சிக்கு வெளியே, ஊராட்சி எல்லைக்குள் இருக்கிறது. சூளகிரியின் ஆலைகளும் அவ்வாறே. ஊழியரின் வருமானத்தின்மீது உள்ளாட்சி விதிக்கும் தொழில் வரி, அவர் வாழும் ஊருக்கு அன்றி வேலை செய்யும் ஊருக்கே சேரும். எனவே வெளியே உள்ள ஆலையில் வேலை செய்து, நகருக்குள் ஓர் அறையில் நால்வராகத் தங்கி, நகரின் குடிநீரைக் குடித்து, நகரின் சாலையில் நடக்கும் தொழிலாளியின் தொழில் வரியில் மாநகராட்சிக்குக் காசு வருவதில்லை. ஆலைக் கட்டடத்தின் சொத்து வரியும் அவ்வாறே ஊராட்சிக்குரியது. இது ஊராட்சிகளின் குற்றமன்று. அவற்றுக்குக் கிடைக்கும் வரியே அவற்றின் உயிர். குற்றம், வருவாயின் எல்லையும் செலவின் எல்லையும் வெவ்வேறாக இருப்பதில்.

இதற்கு முன்னோடி ஓசூரிலேயே உண்டு. முதல் சிப்காட் வளாகத்தை அடுத்த மூக்கண்டப்பள்ளியும் ஜூஜூவாடியும் நீண்ட காலம் தனித்தனி ஊராட்சிகளாக இருந்தன. 2011-இல் அவையும், ஆவலப்பள்ளி, சென்னத்தூர் ஊராட்சிகளும், மத்திகிரிப் பேரூராட்சியும் ஓசூர் நகராட்சியோடு இணைக்கப்பட்டன. அவ்வாண்டுக் கணக்கெடுப்பில் பழைய எல்லைக்குள் சுமார் 1.16 இலட்சமாக இருந்த மக்கள்தொகை, விரிந்த எல்லையில் சுமார் 2.45 இலட்சமாயிற்று. ஆலைகள் முளைத்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பிறகே நகரம் அவற்றைத் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ள முடிந்தது என்பதை இங்கே கருத வேண்டும். 2019 பிப்ரவரியில் நாகர்கோவிலோடு சேர்த்து ஓசூர் மாநகராட்சியாக உயர்த்தப்பட்டு, 2022-இல் 45 வார்டுகளுக்குத் தேர்தல் நடந்தது. ஆனால் அதற்குள் அடுத்த தலைமுறை ஆலைகள் மீண்டும் எல்லைக்கு வெளியே எழுந்துவிட்டன.

எல்லையை விரிப்பது மட்டுமே இதற்கு மருந்து என்பதில்லை. மாநகராட்சியோடு சேர்ந்தால் சொத்து வரி உயரும், ஊரக வேலைத் திட்டம் பறிபோகும் என்று ஊராட்சி மக்கள் எதிர்ப்பதில் நியாயம் உண்டு. 2025-இன் தொடக்கத்தில் மாநிலம் முழுவதும் நகர எல்லைகளை விரிக்க அரசு முனைந்தபோது பல இடங்களில் அந்த எதிர்ப்பு வெளிப்பட்டது. இடைவழி ஒன்றைச் சட்டமன்றத்தால் வகுக்க முடியும்: மாநகராட்சியை ஒட்டிய தொழிற்பூங்காக்களில் வசூலாகும் சொத்து வரியிலும் தொழில் வரியிலும் ஒரு பங்கை அந்த நகரத்துக்குப் பகிர்ந்தளிக்கும் விதியைத் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டத்திலும் ஊராட்சிகள் சட்டத்திலும் ஒருங்கே சேர்ப்பது. இவற்றுள் 1998-இல் இயற்றப்பட்டு நீண்ட காலம் கிடப்பில் இருந்த முதலாவது சட்டம், 2023 ஏப்ரலில் புதிய விதிகளோடு நடைமுறைக்கு வந்துள்ளது. எனவே திருத்தம் கேட்க இது ஏற்ற காலம். இதற்கு ஒன்றிய அரசின் ஒப்புதலோ, கர்நாடகத்தின் இசைவோ, ஒரு ஏக்கர் நிலமோ தேவையில்லை.

தொழில் வரியின் அளவில் மட்டும் மாநிலத்தின் கை கட்டுண்டுள்ளது. அரசமைப்பின் 276-ஆம் பிரிவு ஒருவர் ஆண்டுக்குச் செலுத்தும் தொழில் வரிக்கு 2,500 ரூபாய் என உச்சவரம்பு விதிக்கிறது. 1988-இல் 60-ஆம் திருத்தத்தின் மூலம் 250-இலிருந்து உயர்த்தப்பட்ட இத்தொகை இன்றுவரை மாறவில்லை. பத்தாயிரம் ஊழியர்கள் உச்ச அளவில் செலுத்தினாலும் ஆண்டுக்கு 2.5 கோடி ரூபாய்க்கு மேல் வராது. தொடக்கநிலைத் தொழிலாளர்கள் செலுத்துவது அதைவிடக் குறைவு. வரம்பை உயர்த்த நாடாளுமன்றம் வேண்டும். ஆகவே இந்தத் தொகையைக் கூட்டுவது தொலைநோக்குக் கோரிக்கை. கிடைக்கும் தொகையைப் பகிர்வது உடனடிக் கோரிக்கை. இந்த வேறுபாட்டைக் கருதாமல் இரண்டையும் ஒரே மனுவில் எழுதினால் இரண்டும் "அரசின் பரிசீலனையில் உள்ளது" என்ற ஒரே பதிலோடு திரும்பும்.

நிதிப் பகிர்விலும் எண்ணிக்கைச் சிக்கல் ஒன்று உண்டு. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் பத்து விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்கு அளிப்பது தமிழ்நாட்டு நிதி ஆணையங்களின் வழிவந்த ஏற்பாடு. அதைப் பிரிப்பதில் மக்கள்தொகை முதன்மையான அளவுகோல். 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடைபெறாததால், பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வடதமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்தும் பிழைக்க வந்து குடியேறியோர் நகரின் குப்பையில் எண்ணப்படுகிறார்கள், நிதியில் எண்ணப்படுவதில்லை. வேலைவாய்ப்பின் அடிப்படையில் எடை சேர்க்கும்படி நிதி ஆணையத்தின் முன் வாதிடுவது ஓசூருக்கு மட்டுமன்றித் திருப்பூர், ஆவடி, தாம்பரம் ஆகிய நகரங்களுக்கும் பொதுவான காரியம். அவை சேர்ந்து கேட்கத் தக்கது.

பணியிடங்களைப் பற்றிச் சுருங்கச் சொல்லலாம். ஒரு துப்புரவு ஆய்வாளர் பணியிடத்தைக்கூட மாமன்றத்தால் தானாக உருவாக்க இயலாது. அரசின் ஒப்பளிப்பு வேண்டும். சென்னை நீங்கலான மாநகராட்சிகளின் பணியிடங்களை 2022 அக்டோபரில் மறுவரையறை செய்த அரசாணை 152, நிரந்தரப் பணிகளைச் சுருக்கி ஒப்பந்த முறையை விரிக்கிறது என்று தொழிற்சங்கங்கள் போராடின. புதிதாகப் பிறந்த மாநகராட்சி ஒன்றுக்கு அந்த அரசாணை வளரும் முன்பே தைத்துக் கொடுத்த சட்டை.

தண்ணீர்: கேட்டுப் பெற்றதும் கேட்காமல் வருவதும்

ஓசூர் வட்டாரம் கோரிப் பெற்ற மிகப் பெரிய திட்டம் ஓகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் புளூரைடு மிகுந்து, பற்களில் கறையும் எலும்புகளில் வளைவும் பரவலாகக் காணப்பட்டதே அதன் அடிப்படை. 1998 ஜூனில் ஒன்றிய அரசின் முன்னிலையில் கர்நாடகத்துடன் உடன்பாடு எட்டப்பட்டு, காவிரியிலிருந்து 1.4 டி.எம்.சி. எடுக்க வழி பிறந்தது. அப்பால் பத்தாண்டுகள் கழித்து, 2008 பிப்ரவரியில்தான் அடிக்கல் நாட்டப்பட்டது. அடுத்த சில வாரங்களில் கர்நாடகத்தில் தேர்தல் சூடு ஏறி, எல்லையில் வன்முறை தலைதூக்கியதால், அங்கே புதிய அரசு அமையும் வரை பணியை நிறுத்திவைப்பதாக முதலமைச்சர் கருணாநிதி அறிவிக்க நேர்ந்தது. ஜப்பானியக் கடனுதவியோடு 1,928 கோடி ரூபாய் மதிப்பில் நிறைவுற்ற திட்டம் 2013-இல் ஜெயலலிதா ஆட்சியில் தொடங்கிவைக்கப்பட்டது. ஆற்றங்கரையிலிருந்து ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்துக்கு நீரை ஏற்றி ஓசூருக்குக் கொண்டுவருவதால், அந்நகரின் ஒவ்வொரு குடம் நீரிலும் மின்கட்டணம் கலந்திருக்கிறது. இரு ஆட்சிகள், இரு மாநிலங்கள், ஒரு வெளிநாட்டுக் கடன், பதினைந்து ஆண்டுகள்: பிறர் இசைவு தேவைப்படும் கோரிக்கை ஒன்று கனியும் காலத்துக்கு இதுவே அளவுகோல். அதன் இரண்டாம் கட்டத்துக்காக இவ்வட்டாரம் இப்போது காத்திருக்கிறது.

கேட்காமலே வரும் தண்ணீர் வேறு. நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூருவின் கிழக்குப் பகுதியைத் தொட்டு, பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் கழிவை வாங்கிக்கொண்டு, கொடியாளம் அருகே தமிழ்நாட்டுக்குள் நுழைந்து கெலவரப்பள்ளி அணையைச் சேர்கிறது. மதகு திறக்கும் நாட்களில் அணையின் கீழ் வெள்ளை நுரை ஆளுயரத்துக்கு எழும்பிக் காற்றில் பறந்து பயிர்மீதும் தரைப்பாலத்தின்மீதும் படிகிறது. பாலத்தைக் கடக்கும் இருசக்கர வண்டிகளை நுரை மறைத்துவிடுகிறது. இதே ஆற்றுப்படுகையில் மார்க்கண்டேய நதியின் குறுக்கே கர்நாடகம் கட்டிய அணையை எதிர்த்த தமிழ்நாட்டின் மனுவை உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில் தள்ளுபடி செய்து, நடுவர் மன்றம் கோரும் வழியைக் காட்டியது. 1892-ஆம் ஆண்டு சென்னை–மைசூர் ஒப்பந்தம் வரை நீளும் வழக்கு அது. ஒரு மாநகராட்சியின் தீர்மானத்தால் அதில் ஒரு சொட்டும் நகராது.

ஆனால் தென்பெண்ணையின் அழுக்கில் ஓசூரின் பங்கும் உண்டு என்பதைக் கோரிக்கை எழுதுவோர் மறைப்பது வழக்கம். பாதாளச் சாக்கடை இல்லாமலே நெடுங்காலம் வளர்ந்த நகரம் இது. வீட்டுக் கழிவும் சிறு பட்டறைகளின் கழிவும் ஏரிகளுக்கும் ஓடைகளுக்கும் போய்ச் சேர்ந்தன. தன் கழிவைச் சுத்திகரிக்காத நகரம் மேல்மடை மாநிலத்திடம் சுத்தமான நீர் கேட்கும்போது வாதத்தின் பலம் பாதியாகிவிடுகிறது. பாதாளச் சாக்கடைக்கு முழு நிதியையும் அதை இயக்கும் பணியாளர்களையும் மாநிலத்திடம் கேட்பது, இந்த நோக்கில், எல்லை வழக்கின் ஒரு பகுதியாகவே ஆகிறது.

எதைக் கேட்பது என்பதோடு, எந்த மொழியில் கேட்பது என்பதும் இங்கே ஒரு பொருள். தெலுங்கும் கன்னடமும் தமிழும் கலந்து புழங்கும் ஓசூரின் உறுப்பினராக இருந்த கே.கோபிநாத் பேரவையில் மொழிச் சிறுபான்மையினர் கோரிக்கையைத் தெலுங்கில் எழுப்பியதும், முதலமைச்சர் ஜெயலலிதா தெலுங்கிலேயே மறுமொழி தந்ததும் அந்நாளில் பெரிதும் பேசப்பட்டன. அன்று பேரவையின் கவனம் ஓசூர்மீது திரும்பியது. திருப்பியது கோரிக்கையின் உள்ளடக்கமா, அது ஒலித்த மொழியா என்பது வேறு செய்தி.

மேற்கண்டவற்றை வைத்துப் பார்க்கும்போது, ஓசூர் மாமன்றம் ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்துக்கு முன் நிறைவேற்ற வேண்டிய தீர்மானத்தின் முதல் பக்கத்தில் தொழிற்பூங்கா வரிப் பகிர்வுக்கான சட்டத் திருத்தமும், எல்லை மறுவரையறையும், பாதாளச் சாக்கடைக்கான நிதியும், பணியிட ஒப்பளிப்பும் இடம்பெற வேண்டும். விமான நிலையமும் மெட்ரோவும் அத்தீர்மானத்தின் இரண்டாம் பக்கத்துக்கு உரியவை. அவற்றுக்காகப் பேச மாநில அரசும் தொழிலமைப்புகளும் ஏற்கெனவே இருக்கின்றன, முதல் பக்கத்துக்காகப் பேச மாமன்றத்தைத் தவிர வேறு எவரும் இல்லை.

இவற்றுள் எல்லை மறுவரையறைக்கு மட்டும் நாட்காட்டி குறுக்கே நிற்கிறது. 2027 கணக்கெடுப்பை முன்னிட்டு நாடெங்கும் நிர்வாக எல்லைகள் 2026 ஜனவரி 1 முதல் 2027 மார்ச் 31 வரை உறையவைக்கப்பட்டுள்ளன. 2022 மார்ச்சில் பொறுப்பேற்ற ஓசூர் மாமன்றத்தின் ஐந்தாண்டுப் பதவிக்காலம் 2027 மார்ச் தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது.